மைதானம் யாருக்குச் சொந்தம்?

விளையாட்டும் வீடியோ கேமும் ஒன்றிடமிருந்து மற்றொன்று தாராளமாகக் கடன் வாங்குகின்றன. களரியும் கம்ப்யூட்டரும் ஒரே ஊரில் வாழும் திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால், இந்தக் கொடுக்கல் வாங்கலில் தீராத பாக்கி ஒன்று தெரிகிறது.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில், பத்மநாப சுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சி.வி.என். களரி. உள்ளே போக வேண்டுமானால் தரைமட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மரபுப்படி களரி என்பது 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட மண் களம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை. காலை நேரத்தில் எண்ணெய் பூசிய உடம்புகள் ஆசானின் வாய்த்தாரிக்கு ஏற்பத் தாழ்கின்றன, எழுகின்றன, பாய்கின்றன. 1956-ல் கோவிந்தன்குட்டி நாயர் இதைத் தொடங்கினார். பயிற்சி முறை இன்றும் அதேதான்: முதலில் உடல், பிறகு கம்பு, பிறகு ஆயுதம், கடைசியில் வெறுங்கை.

நகரின் வடகோடியில் காட்சி வேறு. கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க். அதையடுத்த காரியவட்டத்தில் 1985-லிருந்து இயங்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியமும். உடம்பை நம்பும் கல்லூரியும் திரையை நம்பும் தொழிற்பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையனின் கையில் கைபேசி. அதில் கால்பந்தோ கிரிக்கெட்டோ துப்பாக்கிச் சண்டையோ ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரு உலகங்களும் 2023-ல் சில வார இடைவெளியில் ஒரே உயரத்தில் நின்றன. அந்த ஆண்டு செப்டம்பர் - அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி வீடியோ கேம்களுக்கு முதல் முறையாக முழு அந்தஸ்துள்ள பதக்கங்கள் தரப்பட்டன. ஏழு தங்கங்கள். அது முடிந்த சூட்டோடு கோவாவில் நடந்த 37-வது தேசிய விளையாட்டுப் போட்டியில் களரிப்பயற்று பதக்கப் போட்டியாகக் களமிறங்கியது. கேரளம் அங்கே வென்ற 36 தங்கங்களில் 19 களரியிலிருந்து வந்தவை.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. 2025 தொடக்கத்தில் உத்தராகண்டில் நடந்த அடுத்த தேசியப் போட்டியில் களரி, பதக்கம் எண்ணப்படாத காட்சிப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் கேரளத்தின் பி.டி. உஷா என்பது, மாநிலத்தில் எழுந்த கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வார்த்தது. வீடியோ கேம் ஏறியதோ நேர் எதிர்த் திசையில். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அது வெறும் காட்சிப் போட்டி. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு ஆட்டத்தில் குஜராத்தின் தீர்த் மேத்தா பெற்ற வெண்கலம் பதக்கப் பட்டியலில் சேரவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம், பல விளையாட்டுகள் அடங்கிய போட்டிகளின் அங்கமான இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. ஐந்தே ஆண்டுகளில் காட்சியிலிருந்து பதக்கத்துக்கு ஒன்று. இரண்டே ஆண்டுகளில் பதக்கத்திலிருந்து காட்சிக்கு மற்றொன்று.

விரல் நுனியில் நடப்பது விளையாட்டு, வியர்வையில் நடப்பது காட்சியா என்று களரிக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடியோ கேமை வேற்று கிரகத்து ஜந்துவாகப் பார்ப்பதும் சரித்திரத்துக்குப் பொருந்தாது. அது பிறந்ததே விளையாட்டின் மடியில்தான். 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர்களுக்குப் பொழுதுபோக்காக இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம் ஒரு அலைகாட்டித் திரையில் உருவாக்கிய ஆட்டம், இருவர் ஆடும் டென்னிஸ். 1972-ல் அடாரி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்து வெற்றிகண்ட 'பாங்', டேபிள் டென்னிஸ். ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு மட்டைகள். விதிகளை விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த வேலையை மைதானம் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது.

விதிகளுக்குப் பிறகு உடம்புகளையும் கடன் வாங்கினார்கள். 1997-ல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட 'டெக்கன் 3' சண்டை ஆட்டத்தில் எடி கார்டோ என்ற பாத்திரம் உண்டு. அதன் அசைவுகள், பிரேசிலின் தற்காப்புக் கலையான கபோய்ராவின் ஆசான் மார்செலோ பெரெய்ராவின் உடலிலிருந்து பதிவு செய்யப்பட்டவை. உடம்பில் குறிகளை ஒட்டி, காமிரா முன் ஆடவைத்து, அசைவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் முறை இது. அடிமைகளின் வாரிசுகள் காப்பாற்றி வந்த ஒரு கலை, கபோய்ரா என்ற சொல்லையே கேட்டிராத ஊர்களின் பையன்களுக்கு அறிமுகமானது. களரியின் அசுவ வடிவும் கஜ வடிவும் இப்படி உலகம் சுற்றினால் கேரளம் மகிழத்தான் செய்யும்.

ஆனால் உடம்பைக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வியை அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் எட் ஓ'பானன் கோர்ட்டுக்கே கொண்டுபோனார். கல்லூரிக் காலத்துத் தன் உருவமும் உயரமும் சட்டை எண்ணும் ஒரு வீடியோ கேமில் ஓடியாடுவதைக் கண்டு, 2009-ல் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருக்கு ஒரு காசு கூடத் தரப்பட்டிருக்கவில்லை. ஆட்டத்தைத் தயாரித்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸும் அதன் உரிம நிறுவனமும் 4 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. 2014-ல் தீர்ப்பு ஓ'பானனுக்குச் சாதகமாக வந்தது. நின்றுபோன கல்லூரிக் கால்பந்து ஆட்டம் 2024-ல் திரும்பி வந்தபோது, உருவத்தைத் தரச் சம்மதித்த ஒவ்வொரு மாணவ வீரருக்கும் குறைந்தது 600 டாலர் தரப்பட்டது.

திரையும் வாங்கிய கடனில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து 'கிரான் டூரிஸ்மோ' கார் பந்தயம் ஆடிய பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, அந்த ஆட்டத்தை வைத்து நடத்தப்பட்ட தேர்வில் 2011-ல் வென்றார். 2013-ல் பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் நிஜக் காரை ஓட்டித் தன் அணியோடு அதன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் படகோட்டி. 2020-ல் நடந்த முதல் உலக மெய்நிகர் சைக்கிள் போட்டியில், வீட்டுக்குள் நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதித்து, திரையில் ஓடும் சாலையில் முதலாவதாக வந்தார். பிறகு நிஜச் சாலையில் ஓட்டத் தொழில்முறை அணி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. இங்கே உடம்பும் திரையும் எதிரிகள் அல்ல. ஆஸ்போர்ன் மிதித்தது நிஜ மிதி; சாலை மட்டுமே கற்பனை.

கண்ணுக்கும் பலன் உண்டு என்கிறது அறிவியல். 2003-ல் 'நேச்சர்' இதழில் ஷான் கிரீனும் டாஃப்னே பவேலியரும் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான சண்டை ஆட்டத்தில் வெறும் பத்து மணி நேரம் பயிற்சி பெற்றவர்களின் பார்வைக் கவனம் கூர்மையானது தெரியவந்தது. ஆனால் பார்வைக் கவனம் கூர்மையானாலே கோல்கீப்பர் ஆகிவிட முடியாது. ஒலிம்பிக்கில் இரண்டு முறை இந்திய ஹாக்கிக்கு வெண்கலம் வாங்கித் தந்த அணிகளின் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ், 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து உருவானவர். அடிப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, மட்டை எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று படிக்க, பல்லாயிரம் பந்துகளை உடம்பில் வாங்க வேண்டும்.

திரையில் வாழ்பவர்களும் இப்போது உடம்பைத் தேடி வருகிறார்கள். 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்தின் சீன நட்சத்திரம் உஸி, 2020-ல் 23 வயதில் ஓய்வை அறிவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று சர்க்கரை நோய். பெரிய இ-ஸ்போர்ட்ஸ் அணிகள் இன்று உடற்பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் என்று கால்பந்து கிளப்பைப் போல ஆள் வைத்துக்கொள்கின்றன. மணிக்கட்டையும் முதுகையும் காப்பாற்றும் வித்தையை, பயிற்சிக்கூடத்தோடு சேர்த்தே சிகிச்சையையும் வளர்த்த களரி மரபு பல தலைமுறைகளாக அறிந்து வைத்திருக்கிறது.

கொடுக்கல் வாங்கல் ஏறக்குறைய சமமாக நடக்கும் ஒரே இடம் சதுரங்கம். கேரளத்தின் திருச்சூரில் 2004-ல் பிறந்த நிஹால் சரின் இரு கரைக்கும் சொந்தக்காரர். பலகையில் கிராண்ட் மாஸ்டர். திரையில் மின்னல் வேகக்காரர். செஸ்.காம் நடத்தும் ஜூனியர் அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை 2020, 2021, 2022 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். வீடியோ கேம் அணிகளை நடத்தும் இந்திய நிறுவனமான எஸ்8யுஎல், 2025-ல் அவரையும் மதுரையைச் சேர்ந்த அரவிந்த் சிதம்பரத்தையும் தன் அணியில் சேர்த்தது. அந்த ஆண்டு ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் முதல் முறையாகச் சதுரங்கம் இடம்பெற்றது. பரிசுத் தொகை 15 லட்சம் டாலர். மாக்னஸ் கார்ல்சன் வென்றார். அர்ஜுன் எரிகைசி நான்காமிடம் பிடித்தார். நிஹால் கால் இறுதி வரை போனார்.

திரைக்குப் போவதில் உள்ள ஆபத்தையும் நிஹால் அனுபவித்திருக்கிறார். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், செஸ் ஒலிம்பியாட் இணையத்தில் நடந்தது. கால் இறுதியில் நிஹாலுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஹைக் மார்ட்டிரோஸ்யானின் இணைப்பு அறுந்தது; கடிகாரம் ஓடித் தோற்றார். முறையீடு தள்ளுபடியானது, கொதித்த ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. இரண்டு நாள் கழித்து ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. இம்முறை இணைப்பு அறுந்தது நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும். உலகின் பல பகுதிகளில் அன்று இணையம் முடங்கியிருந்தது. இந்தியாவின் முறையீட்டுக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் தங்கம் என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அறிவித்தது. மழை வந்தால் மைதானத்தில் எல்லோருமே நனைவார்கள். இணையம் போனால் ஒருவர் மட்டும் நனைகிறார்.

ஆயினும் சதுரங்கத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அது யாருடைய சொத்தும் அல்ல. ஒரு நிறுவனம் கடையைக் கட்டினால் இன்னொன்றில் ஆடலாம். மின்சாரமே போனாலும் பலகையை விரிக்கலாம். மற்ற வீடியோ கேம்களுக்கு இது பொருந்தாது. கிரிக்கெட் மட்டையைக் கடையில் வாங்கினால் அதோடு உறவு முடிந்தது. வீடியோ கேமில் மைதானம், பந்து, விதி, அம்பயர் எல்லாமே ஒரு நிறுவனத்தின் சொத்து. அங்கே ஆடுகிறவர் என்றைக்கும் வாடகைக்காரர்தான்.

இந்தியப் பையன்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 2020 செப்டம்பரில் சீனத் தொடர்பு காரணமாக 'பப்ஜி மொபைல்' தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமான 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' வந்தது. 2022 ஜூலையில் அதுவும் கைபேசிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பியது. தடைக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அதில் பயிற்சி பெற்று, அணி சேர்த்து, அதையே தொழிலாக நினைத்தவனின் மைதானம் இரண்டு முறை ஒரே நாளில் மாயமானது. 19 வயதில் உச்சத்தைத் தொடும் ஆட்டத்தில் பத்து மாதம் என்பது ஒரு ஆயுள். எந்த அரசாங்கமும் காலையில் ஓர் உத்தரவு போட்டு மாலைக்குள் கபடியைக் காணாமல் செய்துவிட முடியாது.

பெரிய அமைப்புகளுக்கும் இதே கதிதான். 1993-லிருந்து உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் பெயரைத் தாங்கி வந்த 'ஃபிஃபா' ஆட்டம், உரிம ஒப்பந்தம் முறிந்ததால் 2023-ல் வேறு பெயருக்கு மாறியது. கூட்டமைப்பிடம் பெயர் இருந்தது, ஆட்டம் இல்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் ஆட்டம் இருந்தது, பெயர் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2024 ஜூலையில் சவூதி அரேபியாவோடு 12 ஆண்டு உடன்பாடு செய்து ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியை அறிவித்தது. 2025 அக்டோபரில் அந்த உடன்பாடு முடித்துக்கொள்ளப்பட்டது. ஒரு பந்தயம் கூட நடக்கவில்லை.

மூன்றாவது சங்கதி பணம். மைதானமும் திரையும் சந்தித்த இடத்தில் சூதும் வந்து உட்கார்ந்தது. 2021 பிப்ரவரியில் கேரள அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது; அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் டிரீம்11 நிறுவனம், 2023-ல் மூன்று ஆண்டுக்கு ரூ. 358 கோடி ஒப்பந்தத்தில் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இடம்பிடித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் ஆட்டச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி அங்கீகாரம் தந்தது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய அணி விளம்பரதாரர் பெயர் இல்லாத சட்டையோடு இறங்கியது. திரையிலிருந்து வரும் பணத்தை மைதானம் எந்த அளவுக்கு நம்பியிருந்தது என்பதற்கு அந்த வெற்றுச் சட்டையே சாட்சி.

பெற்றோர்களின் கவலையோ வேறு. மகன் பதக்கம் வாங்குவானா என்பதல்ல, சாப்பிட வருவானா என்பதே அவர்களுடைய கேள்வி. வீடியோ கேம் மீதான கட்டுக்கடங்காத பழக்கத்தை ஒரு நோயாகச் சேர்த்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. 2023-ல் கேரள போலீஸ் திருவனந்தபுரம் உட்பட ஆறு நகரங்களில், கைபேசிக்கும் ஆட்டத்துக்கும் அடிமையான பிள்ளைகளுக்காக டி-டாட் என்ற ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. 2024 ஜனவரியில் இதே நகரின் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் மாநில அரசு சர்வதேச விளையாட்டு உச்சி மாநாட்டை நடத்தியது. விவாதப் பொருள்களில் இ-ஸ்போர்ட்ஸும் ஒன்று. ஒரே அரசின் ஒரு கை ஊக்குவிக்கிறது, இன்னொரு கை சிகிச்சை தருகிறது. இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் தேவைதான். பயிற்சியாளர், நேர ஒழுங்கு, ஓய்வு, தோல்வியைத் தாங்கும் பழக்கம் எல்லாம் உள்ள இடத்தில் ஆட்டம் விளையாட்டாகிறது. இவை எதுவும் இல்லாமல் நள்ளிரவில் தனியே ஆடும்போது அது பழக்கமாகிறது. மைதானம் திரைக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய கொடை இந்த ஒழுங்குதான்.

திரை மைதானத்துக்குத் தர வேண்டிய பாக்கியும் தெளிவு. ஓர் ஆசானின் அசைவைப் பதிவு செய்தால் அவர் பெயரும் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஓ'பானனைப் போல வழக்குப் போட வேண்டிய நிலை வரக்கூடாது. பதக்கம் தரும் அமைப்புகள், ஒரு நிறுவனத்தின் சரக்கைப் போட்டியில் சேர்க்கும் முன், நாளை அது கடையை மூடினால் இந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டாக வேண்டும். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' போன்றவை இந்தியாவிலேயே தரமான ஆட்டங்களைச் செய்ய முடியும் என்று காட்டிவிட்டன. அடுத்தது களரியாகவும் இருக்கலாம், சிலம்பமாகவும் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கிழக்கே கோட்டையில் பயிற்சி தொடர்கிறது. பதக்கம் உண்டா இல்லையா என்று டெல்லியில் தீர்மானிப்பதால் பூத்தறையின் படிகள் ஏழிலிருந்து ஆறாகப் போவதில்லை. மாணவன் வலது காலை முன்வைத்து இறங்குகிறான், குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறான். அவன் கைபேசி வெளியே பைக்குள் கிடக்கலாம். மாலையில் அதிலும் ஆடுவான். ஆனால் இங்கே அவன் கற்றுக்கொண்ட சுவடை எந்த நிறுவனமும் இரவோடு இரவாக அழித்துவிட முடியாது. அது அவன் உடம்பில் இருக்கிறது.